முசுபி அச்சு: நாலு பேர் இருந்தால் வாங்கலாம்

ஐந்து வெள்ளிக்குள் இணையத்தில் வாங்கிய அக்ரிலிக் அச்சு இது. மேலும் கீழும் திறந்த ஒரு செவ்வகப் பெட்டி, உள்ளே இறக்கி அழுத்த ஒரு கட்டை, அவ்வளவுதான். ஸ்பாம் முசுபியைத் தவிர, அதாவது சோற்றுக்கட்டியின்மேல் வறுத்த ஸ்பாம் (டின்னில் வரும் பன்றி இறைச்சி) துண்டை வைத்து நோரி என்ற கடல்பாசித் தாளில் சுற்றுவதைத் தவிர, வேறு எதற்கும் பெரிதாக உதவாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் இது கட்டாயம் வெளியே வரும். நேஷனல் சர்வீஸில் (கட்டாய தேசிய சேவை) இருக்கும் மகன் கேம்ப்புக்குத் திரும்பும்போது கையில் ஒரு டப்பா கொடுக்காமல் விடமுடியாது.

1937-இல் அமெரிக்காவில் ஹோர்மல் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பாம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்தோடு ஹவாயில் பரவியது. அங்கிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் கையில் அது ஒனிகிரி என்ற சோற்று உருண்டையோடு சேர்ந்துகொண்டது. முசுபியைப் பரப்பியவர் என்று கவாய் தீவின் பார்பரா ஃபுனாமுராவைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள், 1980களின் தொடக்கத்தில். பீ ஹூன் (அரிசிச் சேமியா) கடையில் ஸ்பாம் போலவே டின்னில் வரும் லஞ்சன் மீட்டைப் பொரித்துச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்த ருசி பழகியதுதான்.

அச்சைவிட அரிசிதான் முக்கியம். பொன்னி, பாஸ்மதி இரண்டும் உதிர்ந்துவிடும். குட்டையான ஜப்பானிய அரிசியோ கால்ரோஸ் என்ற ஒட்டும் அரிசியோ வேண்டும். சுஷிக்குப் போல வினிகர் தேவையில்லை. 340 கிராம் டின்னை எட்டாக நறுக்கி, எண்ணெய் விடாமல் வறுத்து, கடைசியில் சோயா சாஸும் சர்க்கரையும் விட்டுப் புரட்டுவேன். கொஞ்சம் கருகினால்தான் எனக்குப் பிடிக்கும். நோரியை விரித்து, அதன்மேல் நனைத்த அச்சை வைத்து, சூடான சோற்றை அழுத்தி, மேலே ஸ்பாம் துண்டை வைத்து, அச்சை எடுத்துவிட்டு நோரியைச் சுருட்டவேண்டும். நனைக்காவிட்டால் சோறு அக்ரிலிக்கை விடவே விடாது.

குறை என்றால், ஒட்டுப்போட்ட மூலைகளில் சோறு புகுந்துகொள்கிறது. பழைய பல் பிரஷ்ஷால்தான் எடுக்கிறேன். அழுத்தும் கட்டைக்கு நல்ல கைப்பிடியும் இல்லை.

உப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு துண்டிலேயே சுமார் 600 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000-க்குக் கீழே என்கிறது. நான் இப்போது 25 சதவீதம் சோடியம் குறைந்த டின்தான் வாங்குகிறேன், மகனுக்குத் தெரியாது.

ஒருவர் இருவருக்கென்றால் அச்சு வேண்டாம். காலி டின்னுக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து அழுத்தினாலே போதும், விளிம்பில் விரல் மட்டும் பத்திரம். நாலு பேருக்கு மேல் என்றால், வரிசையாக அடுக்க அச்சுதான் வசதி.