வேலூரில் சின்னம்மை: 35 மாத்திரையும் 1-1-1 எழுதிய உறையும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து வேலூருக்கு வந்த இடத்தில் சின்னம்மை. அதற்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரை ஏசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, 7 நாள். டாக்டர் சீட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. காட்பாடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் கைக்கு வந்ததோ 400 மில்லிகிராமில் ஓர் அட்டை, 10 மாத்திரை. காகித உறையின்மேல் பேனாவால் 1-1-1. நாளைக்கு 4000 மில்லிகிராம் போக வேண்டிய உடம்புக்கு 1200 தான் போயிருக்கும். அதுவும் நாலாம் நாள் காலையோடு தீர்ந்திருக்கும்.

கடைக்காரர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம்மூரில் மருந்து என்றால் காலை, மதியம், ராத்திரி மூன்றுதான். உறையில் நாலாவது வேளைக்கே இடம் கிடையாது, ஐந்தாவதற்கு எங்கே போவது? 800 கையிருப்பில் இல்லையென்றால் 400 கொடுக்கிறார்கள். "அதுவும் இதுவும் ஒண்ணுதான் சார், பவர்தான் கம்மி" என்கிறார்கள். ஒன்றுதான், ஆனால் வேளைக்கு இரண்டாகப் போட வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். முழுக் கணக்கு இது: 800 என்றால் 35 மாத்திரை, 400 என்றால் 70, 200 என்றால் 140. கடையை விட்டு இறங்குவதற்கு முன் அட்டையின் பின்பக்கம் மில்லிகிராமைப் படித்து, மாத்திரையை எண்ணிப் பாருங்கள். வேளைக் கணக்கு காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. இதை உறையிலேயே பெரிதாக எழுதி வாங்கிக் கொள்ளலாம். கூடவே ஏசைக்ளோவிர் களிம்பு ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். உடம்பெல்லாம் போட்ட அம்மைக்கு அது உதவாது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நியூ ஜெர்சியில் இதே மருந்து எண்ணி நிரப்பிய குப்பியில், பெயரும் வேளையும் அச்சடித்து வரும். அங்கே 4 வேளை, 5 நாள் என்றும் எழுதுவார்கள். இரண்டும் வழக்கில் இருப்பவைதான், உங்கள் சீட்டில் எது இருக்கிறதோ அதன்படி போங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவு குறையும், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த 35 மாத்திரைக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் நேரம். கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் இந்த மருந்தால் முழுப் பலன். வேலூரில் அந்த 24 மணி நேரம் கரைந்து போகும் விதமே தனி. கத்திரி வெயிலில் முதுகில் நாலு சிவப்புப் புள்ளி வந்தால் வேர்க்குரு என்று பவுடர் போடுகிறோம். மறுநாள் நீர் கோத்த பிறகு பெரியவர்கள் பார்த்துவிட்டு, "அம்மா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவக் கூடாது" என்று வாசலில் வேப்பிலை சொருகிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்துவிட்டால் பெரும்பாலான கிளினிக்குகள் பூட்டிக் கிடக்கும்.

வேர்க்குருவா அம்மையா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அம்மை பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகத்தில் தொடங்கும். ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி, பனித்துளி போல நீர்க் கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் கலந்து நிற்கும். தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும் தேடிப் பாருங்கள், வேர்க்குரு வாய்க்குள் வராது.

டாக்டரைப் பொறுத்தவரை ஊரைப் பாராட்டியே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1995லிருந்து தடுப்பூசி போடுகிறார்கள். அங்கே படித்து வந்த இளம் டாக்டர்களில் பலர் சின்னம்மையை நேரில் அதிகம் பார்த்ததில்லை. இங்கே சட்டையைத் தூக்கியதும் சொல்லிவிடுகிறார்கள், அன்று மாலையே பார்த்தும் விடுகிறார்கள். சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ மாலையில் உட்காரும் பொது மருத்துவர் போதும். குழந்தை என்றால் குழந்தை மருத்துவர். சாதாரண அம்மைக்கு சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) புதுப் பதிவு போட்டு நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை.

டோக்கன் வரிசையை நினைத்தால்தான் பதறுகிறது. இது காற்றிலேயே பரவும் நோய். கொப்புளம் தோன்றுவதற்கு 1, 2 நாள் முன்பிருந்து எல்லாம் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். பக்கத்து நாற்காலியில் கர்ப்பிணி உட்கார்ந்திருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் உட்கார்ந்திருக்கலாம். அதனால் போகும் முன் போன் செய்து "அம்மை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். இங்கே மனசு குளிர்ந்த விஷயம், கம்பவுண்டர் கேட்டதும், "கடைசி டோக்கன் முடிஞ்சதும் வாங்க சார், கூட்டத்துல ஒக்கார வேணாம்" என்றதுதான். நியூ ஜெர்சியில் பின்வாசல் வழியாக அழைக்கும் அதே ஏற்பாடு, எந்தப் படிவமும் இல்லாமல்.

எல்லாருக்கும் இந்த மாத்திரை தேவையில்லை. 12 வயதுக்குட்பட்ட, வேறு நோயில்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். வளர்ந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டாவதாக வரும் பிள்ளைக்கு அம்மை கடுமையாகப் போடும் என்பதால் அதற்கும் கொடுப்பதுண்டு. குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம், நாளைக்கு 4 வேளை, 5 நாள்: 20 கிலோ பிள்ளைக்கு வேளைக்கு 400.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, குழந்தைகளுக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து உண்டு. இபுப்ரோஃபெனையும் தவிர்க்க வேண்டும். அரிப்புக்கு கேலமைன் லோஷன், தூங்க விடாமல் அரித்தால் டாக்டரைக் கேட்டு செட்ரிசின். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அலர்ஜி என்று நினைத்து அவசரத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுகிற இடங்கள் இருக்கின்றன. அம்மையில் அது வைரஸுக்கு வழி திறந்துவிடுகிற வேலை. என்ன ஊசி என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

வீட்டுச் சம்பிரதாயத்தோடு சண்டை போடத் தேவையில்லை. இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ் எல்லாம் நல்லதே, ஏசைக்ளோவிர் எடுப்பவர் நிறையத் தண்ணீர் குடித்தாக வேண்டும். தாளிக்காத சாப்பாட்டாலும் கெடுதல் இல்லை. தனிப் பாயில் படுக்க வைப்பது நல்ல பழக்கம். கெடுதல் இரண்டு இடத்தில்தான்: மூணாம் தண்ணி (அம்மை இறங்கியபின் ஊற்றும் மூன்றாவது தலைக்குளியல்) வரைக்கும் மாத்திரையை நிறுத்தி வைப்பது, வேப்பிலை மஞ்சளை ஆறாத கொப்புளத்தில் அழுத்தித் தேய்ப்பது. உடைந்த கொப்புளத்தில் சீழ் பிடித்தால் தழும்பு நிற்கும். பாட்டியிடம், "அம்மாவுக்கு மரியாதை குறையாது, மாத்திரையும் போட்டுக்கட்டும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும் வைகாசியில் இந்தப் பேச்சு இன்னும் மெதுவாக எடுக்க வேண்டியது.

மூச்சு வாங்குவது, விடாத இருமல், தள்ளாடி நடப்பது, குழப்பமான பேச்சு, 4 நாள் தாண்டிய காய்ச்சல், கண்ணில் கொப்புளம், தோல் சிவந்து சூடாக வீங்குவது: இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் வேண்டாம். சி.எம்.சி. அவசரப் பிரிவு, இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வண்டிக்கு 108. வீட்டில் அம்மை வராத கர்ப்பிணி இருந்தால் அன்றே அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மைக்கு எதிரான எதிர்ப்புப் புரத ஊசி போடுவதற்கு, நோயாளியோடு பழகியதிலிருந்து 10 நாள்தான் கெடு.

மற்றவர்கள் அம்மையும் வராமல் ஊசியும் போடாமல் இருந்தால், நோயாளியோடு பழகிய 3 நாளுக்குள், அதிகம் போனால் 5 நாளுக்குள், தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். இது அரசு இலவச அட்டவணையில் இல்லை, தனியாரிடம்தான். உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் ஊசி என்பதால் கர்ப்பிணிக்குக் கூடாது. அமெரிக்காவிலிருந்தே போட்டுக்கொண்டு வருவதென்றால் பெரியவர்களுக்கு 2 தவணை, நடுவில் குறைந்தது 4 வாரம். டிக்கெட் போடும்போதே தொடங்க வேண்டும்.

திரும்பும் விமானம். காய்ச்சல் விட்டதா, எத்தனையாவது தண்ணி ஊற்றியாயிற்று என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், புதிதாக ஒன்றும் வந்திருக்கக் கூடாது. முகத்தில் பொருக்கோடு சென்னை கவுண்டரில் நின்றால் கேள்வி வரும். டாக்டரிடம் அவருடைய அச்சடித்த தாளில் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், கொப்புளம் தொடங்கிய தேதி, எல்லாம் காய்ந்துவிட்டது, தொற்றாது, பயணம் செய்யலாம் என்ற வாசகம், பார்த்த தேதி, கையெழுத்து, முத்திரை, மருத்துவக் கவுன்சில் பதிவு எண். கடிதத்தைப் பயணத்துக்கு முந்தின நாள் வாங்குவதே சரி, தேதி பழையதாக இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.