சிப்புக்கு முந்திய ஊசி

இந்த முறை மட்டக்களப்பில் நின்ற நாட்களில் பாதியை ஒரு திகதி தின்றுவிட்டது. காணி உறுதி, அம்மாவின் அடையாள அட்டை, விசா அலுவல் எல்லாம் தன்பாட்டில் நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சிக்கியது பூனை அலுவலில்தான்.

அம்மா ஜேர்மனிக்கு வந்து எங்களோடு இருக்கச் சம்மதித்ததே செவலையனும் கூட வரவேண்டும் என்ற நிபந்தனையில். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் வளர்ப்பு நாய், பூனை, பெரட் மூன்றும் ஒரே வகுப்பு. எங்கள் மகள் பெரட் வளர்க்கிறாள்; கீரியைக் கொஞ்சம் இழுத்து நீட்டியதுபோல இருக்கும். அதனால் அந்தச் சட்டம் எனக்குப் பாடம். பெரட்டுக்குச் சொந்தமாக ஒரு நீலப் பாஸ்போட் உண்டு. காரில் பிரான்சுக்குப் போய் வரும், ஒருவரும் மறித்துக் கேட்டதில்லை.

இலங்கைப் பூனைக்கு அந்தச் சொகுசு இல்லை. விசர்நோய் விடயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் நம்பும் நாடுகளின் பட்டியலுக்கு வெளியே நிற்கும் நாடு இலங்கை. ஆகவே முதலில் தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப், பிறகுதான் விசர்நோய்த் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அதில் எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கவேண்டும். அது சரிவந்தாலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி ஊசியே அல்ல.

இந்த வரிசையை நான் வரமுன்பே தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். அவன் கொண்டுபோனது டவுனில் புதிதாக வந்த ஒரு தனியார் மிருக வைத்திய நிலையத்துக்கு. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பொமரேனியன் படம். மாட்டைத் தென்னையில் கட்டிவிட்டு மிருக வைத்தியரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்த ஊர் இது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பூனையின் தடுப்பூசி அட்டையைத் திறக்கும் வரைக்கும்.

ஊசி 4ஆம் திகதி. சிப் 5ஆம் திகதி. கொழும்பிலிருந்து சிப் வந்து சேரவில்லையாம், ஆனால் ஊசி கைவசம் இருந்ததாம், போட்டுவிட்டார்கள்.

நேரே போனேன். "ஒரு நாள்தானே அண்ணே, ஒண்டும் செய்யாது" என்றார் டொக்டர்.

"பிராங்பேட் எயார்போட்டில நிக்கிறவன் அப்பிடிச் சொல்லமாட்டான் டொக்டர்."

"அப்ப தாங்க, திகதியை மாத்தித் தாறன்." சொல்லிக்கொண்டே பேனை மூடியைப் பல்லால் கழற்றிவிட்டார். 5ஐ எப்படி 4 ஆக்குவார் என்று பார்க்க ஒரு கணம் ஆசை வந்தது உண்மை. அட்டையைப் பறிக்காத குறையாக வாங்கினேன். திரும்ப ஊசி போடச் சொன்னால் முழுக்காசும் கேட்டார். மனிதர் சிரித்த முகம், கோபமே வராது, தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று வேறு கேட்டார். ஜேர்மனியில் இப்படி எவனும் கள்ளத் திகதி போடமாட்டான், தேத்தண்ணியும் தரமாட்டான். ஆனாலும் எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது திகதி.

"அரசாங்க டொக்டரிட்டப் போவம் மனே" என்றார் அம்மா. எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வாங்கும், கம்பி வலையும், வேலைநேரப் பலகையும் நான் விட்டுப்போன மாதிரியே இருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, இரண்டு ஆடு, உரப்பையில் கோழி. செவலையன் மரக்கறிப் பெட்டிக்குள்ளே இருந்து கோழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டொக்டர் இளம் பிள்ளை. கதையைக் கேட்டு முடித்ததும் ஊசியைத் தொடவில்லை. முதலில் ஸ்கேனரை எடுத்துப் பூனையின் பிடரிக்குப் பின்னால் பிடித்தார். பீப். "நான் வாசிக்கிறன் ஐயா, நீங்க எழுதுங்க. மறுகா நீங்க வாசிங்க, நான் பாக்கிறன்." 15 இலக்கமும் இரண்டு தரம். பிறகு ஊசி. குப்பியிலிருந்த லேபிளைக் கிழியாமல் உரித்து அட்டையில் ஒட்டி, பாதி லேபிளிலும் பாதி அட்டையிலும் விழும்படி கையெழுத்து. பின்னால் நின்ற ஆட்டுக்காரர் "பூனைக்கு இவ்வளவு வேலையா" என்று முணுமுணுத்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

கணக்கு இனி அந்த ஊசியிலிருந்துதான். என் லீவு முடிந்துவிட்டது, அம்மாவின் டிக்கெட்டும் தள்ளிப்போய்விட்டது. இரத்தம், ஆய்வுகூடம், கடைசியில் கொழும்பில் எடுக்கவேண்டிய சுகாதாரச் சான்றிதழ் எல்லாம் தம்பியின் தலையில். அந்தச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் பூனை அங்கே இறங்கவேண்டும், கையெழுத்து அச்சின் நிறத்தில் இருக்கக்கூடாது என்றெல்லாம் எழுதிக் கொடுத்து, இரண்டு நீலப் பேனையும் கொடுத்தேன்.

"பேனை இஞ்சயும் விக்குது அண்ணே" என்றான்.