வாயை அடைப்பதா, காதை அடைப்பதா, நடுவழியில் மறிப்பதா?

பாக்டீரியாவைக் கொல்ல வேண்டாம், அவை ஒன்றோடொன்று பேசுவதைக் கெடுத்தாலே போதும், மருந்துக்கு அடங்காமல் போகும் எதிர்ப்புத்திறன் என்ற தொல்லையே வராது என்று ஒரு பேச்சு பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சைக் கெடுக்க ஒரே ஒரு வழி இல்லை. பேசுகிறவரின் வாயை அடைக்கலாம், கேட்கிறவரின் காதை அடைக்கலாம், இரண்டுக்கும் நடுவே சொல்லையே அழிக்கலாம். மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உடம்புக்குள் நடப்பது வேறு வேறு.

முதலில் பேச்சு என்பது என்னவென்று பார்த்துவிடலாம். கூட்டம் நடத்த கோரம், அதாவது குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, வேண்டும் என்கிறோமே, பாக்டீரியாவுக்கும் அதே கதைதான், பெயரே கோரம் சென்சிங். ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியே விடும். கூட்டம் பெருகப் பெருக அதன் அடர்த்தி ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து நஞ்சையும் திசுவைக் கரைக்கும் நொதிகளையும் அவிழ்த்துவிடும். பத்து பேர் மட்டும் இருக்கும்போது ஆயுதத்தைக் காட்டினால் நம் வெள்ளையணுக்கள் வந்து முடித்துவிடும் என்பதால் ஆள் சேரும்வரை அடக்கி வாசிக்கின்றன. நுரையீரலிலும் புண்ணிலும் தொற்றும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா பேசும் முக்கியச் சொல்லைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், ஐந்து அணுக்கள் கொண்ட ஒரு வளையம், அதில் 12 கார்பன் நீளத்துக்கு ஒரு வால், அவ்வளவுதான். கொழுப்பில் கரையும் வால் என்பதால் நம் செல்களுக்குள்ளும் சுலபமாக நுழைந்துவிடும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

வாயை அடைக்கும் வழியைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். சொல்லைத் தயாரிக்கும் நொதியை முடக்க மருந்து பாக்டீரியாவுக்குள் போக வேண்டும். அந்த நொதி எடுத்துக்கொள்ளும் மூலப்பொருட்களில் ஒன்றான எஸ்-அடினோசில்மெத்தியோனின் நம் செல்களுக்கும் தினசரித் தேவை, அதைப்போல வேடமிட்ட மருந்து நம்மையும் பதம் பார்க்கலாம். அப்படியே பாதிப் பேரின் வாயை அடைத்தாலும் மீதிப் பேர் பேசுவது எல்லோர் காதிலும் விழும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

காதை அடைப்பதில்தான் அதிக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியக் கடலில் வளரும் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசி, தன்மேல் பாக்டீரியா படியாமல் இருக்க ஃபியூரனோன் என்ற பொருட்களைச் சுரக்கிறது. அதைப் பார்த்துச் செய்த சி-30 என்ற சேர்மம் 2003-ல் எலிகளின் நுரையீரலில் சூடோமோனாஸை அடக்கியது. ஆனால் இந்தப் பாக்டீரியாவின் காது, அதாவது லாஸ்ஆர் என்ற ஏற்பி, செல்லுக்கு உள்ளே இருக்கிறது. மருந்து உள்ளே போயாக வேண்டும், போனதை வெளியே தள்ள பாக்டீரியாவிடம் பம்புகள் இருக்கின்றன. பம்பை முடுக்கிவிட்ட திரிபுகள், அதாவது மரபணு மாறிய வகைகள், சி-30-ஐப் பொருட்படுத்துவதில்லை என்று 2012-ல் காட்டிவிட்டார்கள். எதிர்ப்புத்திறனே வராது என்ற வாக்குறுதி அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது.

அப்புறம் அசித்ரோமைசின் கதை. சாதாரண ஆன்டிபயாடிக்தான், ஆனால் சூடோமோனாஸைக் கொல்லாத அளவில் கொடுத்தாலும் அதன் பேச்சைக் குறைக்கும். மூச்சுவிடக் குழாய் செருகப்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. மருந்து இல்லாதவர்களிடம் நாளடைவில் காது கேட்காத திரிபுகள் பெருகின. ஊர் கூடிச் சமைப்பதை உட்கார்ந்து தின்னும் ஓசிச் சாப்பாட்டுக்காரர்கள் இவை. நஞ்சு குறைவு, நமக்கு ஒருவகையில் நல்லதுதான். மருந்து கொடுத்தபோது சமையலே நின்றுவிட்டதால் ஓசிக்காரர்களுக்கு இருந்த லாபம் போய்விட்டது, நன்றாகக் காது கேட்கும் மூர்க்கமான வகை நிலைத்துவிட்டது! மருந்தை நிறுத்தினால் யார் மிச்சம் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நடுவழியில் மறிப்பது. என் ஓட்டு இதற்குத்தான், ஒரு தயக்கத்தோடு. இந்த வழியில் மருந்து பாக்டீரியாவுக்குள் போகவே வேண்டாம், வெளியே மிதக்கும் மூலக்கூறைப் பிடித்து உடைத்தால் போதும், பம்பால் ஒன்றும் செய்ய முடியாது. நம் உடம்பே இதைச் செய்கிறது: பாராக்ஸோனேஸ் குடும்ப நொதிகள், குறிப்பாக இரண்டாவது வகை, அந்த வளையத்தைத் திறந்துவிடும், திறந்த வளையத்தை லாஸ்ஆர் அடையாளம் காணாது. சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் சொல் வேறு, குட்டிப் பெப்டைடு, அதாவது புரதத்துண்டு; அதை நம் ரத்தக் கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரதம்-பி கட்டிப்பிடித்து வைத்துக்கொள்கிறது என்று 2008-ல் தெரியவந்தது. நொதியிலும் தேர்வு உண்டு. வளையத்தைத் திறக்கும் லாக்டோனேஸ் என்றால் அமிலச் சூழலில் வளையம் மறுபடி மூடிக்கொள்ளும். வாலையே வெட்டும் அசைலேஸ் என்றால் திரும்பி வர வழியில்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது. அந்த 12 கார்பன் மூலக்கூறு நம் செல்களையே தாக்குகிறது, நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்ற நம் காவல் செல்களைத் தற்கொலை செய்ய வைக்கிறது, நுரையீரல் செல்களில் அழற்சியைக் கிளப்புகிறது. காதை அடைத்தால் ஏற்கெனவே வெளியே மிதப்பவை அப்படியே இருக்கும், நடுவில் உடைத்தால் அவையும் ஒழியும்.

தயக்கம் என்னவென்றால், நாமும் அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கிறோம். நாக்கில் கசப்பை உணரும் டி2ஆர்38 என்ற ஏற்பி மூக்கின் உட்புறச் செல்களிலும் இருக்கிறது. அது இந்த மூலக்கூறுகளை உணர்ந்ததும் நைட்ரிக் ஆக்சைடு வெளிவரும், மயிரிழைகள் வேகமாக அடித்துச் சளியைத் தள்ளும், அந்த வாயுவே பாக்டீரியாவையும் கொல்லும். 2012-ல் வந்த கண்டுபிடிப்பு. அந்த ஏற்பி பழுதான மரபணு வகை உள்ளவர்களுக்கு சூடோமோனாஸ் போன்ற கிருமிகளால் சைனஸ் தொற்று அதிகம். ஆக, சொல்லை முழுக்கத் துடைத்தால் நம் காவல்காரனின் காதும் சேர்ந்து அடைபடும். மூக்கில் இதைத் தெளிக்கலாம் என்று யாராவது கிளம்பினால் நான் இருமுறை யோசிப்பேன். புண்ணில் வைக்கும் கட்டு என்றால் அவ்வளவு கவலை இல்லை.

ஒட்டுக்கேட்பது ஒருவழி இல்லை, அவையும் நம்மைக் கேட்கின்றன. குடலில் ரத்தப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை ஓ157, நம் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் க்யூஎஸ்இசி என்ற ஏற்பியால் மோப்பம் பிடித்து நஞ்சை அவிழ்க்கிறது. இந்தக் கிருமிக்குச் சில ஆன்டிபயாடிக் கொடுத்தால் சாகும் அவசரத்தில் நஞ்சை இன்னும் அதிகமாகக் கொட்டும், கொல்வதே ஆபத்து. அதனால் இந்த ஒரு இடத்தில் காதை அடைப்பதுதான் சரி என்பேன். அந்த ஏற்பி செல்லின் சவ்வில் இருப்பதும் வசதி. 2008-ல் வந்த எல்இடி209 என்ற சேர்மம் இதைத்தான் அடைக்கிறது, வளர்ச்சியைத் தொடுவதில்லை; சால்மோனெல்லா தொற்றிய எலிகளைக் காப்பாற்றியது.

ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். அதன் பேச்சை நிறுத்தினால் நஞ்சு குறையும், ஆனால் அந்தப் பேச்சுதான் பாக்டீரியா கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் படலத்தைக் கலைத்துக்கொண்டு கிளம்பவும் வைக்கிறது. பேச்சு போனால் படலம் தடித்துப்போகும். தோலில் சீழ்க்கட்டி என்றால் முயலலாம், உடம்புக்குள் செருகிய கதீட்டர் குழாயிலோ செயற்கை மூட்டிலோ ஒட்டியிருந்தால் வேண்டவே வேண்டாம். நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் மரபணு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் நுரையீரலில் வருடக்கணக்கில் குடியிருக்கும் சூடோமோனாஸுக்கும் இதேபோல ஒரு கணக்கு உண்டு. அங்கே பல திரிபுகள் லாஸ்ஆரை ஏற்கெனவே இழந்திருக்கும், செவிடான காதில் பஞ்சு வைத்து என்ன ஆகப்போகிறது?