பைஓ3: 2022 முதல் ஹட்டனில் பயன்படுத்திப் பார்த்ததில்

ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதியதைப் பைத்தனுக்குள் கோர்த்துத் தருவது பைஓ3. என்னை அதனிடம் கொண்டுபோய் விட்டது ஒரு பெயர்ச் சிக்கல். பெயர் ஒன்றுதான், கணினி மட்டும் இரண்டு பேர் என்றது. 2022இல் ஒரு சங்கத்துக்காகத் தேயிலைத் தோட்டங்களின் பழைய பெயர்ப் பட்டியல்களைத் தட்டச்சுச் செய்து ஒன்றாக்கிக்கொண்டிருந்தோம். 'யோகேஸ்வரி'யில் வரும் ஓகாரக் குறியை ஒருவர் ஒரே குறியாக அடித்திருந்தார். இன்னொருவருடைய கோப்பில் அது ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாக விழுந்திருந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதைத் தீர்க்க நான் எதுவும் கட்டியிருக்கத் தேவையில்லை. பைத்தனோடு வரும் யுனிகோட்டேட்டா என்ற தொகுதியில், இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி ஒழுங்காக்கம் ஒரே வரி. அது தெரியாமல் இரண்டு கிழமை சி மொழியில் மல்லுக்கட்டினேன். அதற்குப் பிறகும் தீராமல் நின்றது லெட்சுமி, லட்சுமி, இலட்சுமி வகைச் சிக்கல். ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாவற்றோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். 20,000 பெயர் என்றால் ஏறக்குறைய 20 கோடி ஜோடி. வெறும் பைத்தனில் ராத்திரி போட்டால் விடியும்வரை ஓடும். இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டிய காலம் அது. என் லேப்டொப்பின் பேட்டரியோ எப்போதோ செத்துப்போனது.

முதலில் சி-யில் எழுதி, சி நிரலை அழைக்கப் பைத்தனோடு வரும் சிடைப்ஸ் வழியாகக் கோர்த்தேன். ஒரு நாள் ஓடும், மறுநாள் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் போனது. ஒரு செயற்கூறு என்ன வகையைத் திருப்பித் தரும் என்று நாம் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதைச் சாதாரண முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். என்னுடையது தந்தது நினைவக முகவரி. 64 பிட் முகவரியின் மேல் பாதி வழியிலேயே உதிர்ந்துபோகும். அந்த மேல் பாதி பூச்சியமாக இருக்கும் நாளில் மட்டும் எல்லாம் சரியாக நடக்கும். இதற்குப் பிறகுதான் ரஸ்டும் பைஓ3-உம்.

பைஓ3 இந்த வகைக் கணக்குகளைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் முதல் ஓட்டத்தில் வேகம் ஏமாற்றியது. நூலகத்தைக் கட்டித்தரும் மட்யூரின் என்ற கருவிக்கு 'டெவலப்' என்று மட்டும் கொடுத்தால், வேகம் குறைந்த பிழைதிருத்தப் பதிப்புத்தான் கட்டப்படும். ரிலீஸ் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சேர்த்தேன், 40 நிமிடம் ஆனது. விடியும்வரை ஓடியதற்கு இது நல்லதுதான், ஆனாலும் தோட்டத்தில் அரைநாள் சம்பளம் மட்டும் கிடைக்க அரைப்பேர் போட்ட மாதிரி மனசு ஆறவில்லை.

ரஸ்ட் பக்கத்துக் கணக்கு வேகமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தடவை பைத்தனுக்கும் ரஸ்டுக்கும் நடுவிலுள்ள பாலத்தைக் கடந்ததில்தான் நேரம் போனது. கடக்கும்போதெல்லாம் இரண்டு பெயரையும் யுடிஎஃப்-8 ஆக, அதாவது எழுத்துகளைக் குறிக்கும் பைட்டுகளாக வாங்கி, நகலெடுத்து, எழுத்தாகப் பிரித்து, கடைசியில் ஓர் எண்ணைத் திருப்பித் தந்துகொண்டிருந்தேன். தேயிலைக் கொழுந்தைப் பிடி பிடியாக யாராவது ஃபெக்டரிக்குக் கொண்டுபோவார்களா? மலையில் கூடை, நிறுவையில் சாக்கு, அப்புறம் லொறி. பட்டியல் முழுவதையும் ஒரே தடவையில் ரஸ்டுக்குள் அனுப்பி, அங்கேயே பிரித்து வைத்து, நெருங்கிய ஜோடிகளை மட்டும் வெளியே எடுத்தேன். 4 நிமிடத்துக்குள் முடிந்தது. இப்படி ஒரு நூலகம் எழுதப்போகிறவர் முதல் நாளே இந்த வடிவத்தில் தொடங்கலாம்.

என்னை அதிகம் பயமுறுத்தியது வேறு. பெயரின் முதல் எழுத்து என்று முதல் மூன்று பைட்டை வெட்டி எடுத்தேன். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட் என்பதால் மாதக்கணக்கில் அது வேலை செய்தது. ஒரு நாள் ஆங்கில எஸ், புள்ளி, இடைவெளி விடாமல் மாரியம்மா என்று ஒரு பெயர் வந்தது. மூன்றாவது பைட்டில் வெட்டினால் 'மா'வின் மகரம் நடுவில் அறுபடும். ரஸ்ட் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் பேனிக் ஆனது, அதாவது மேலே போகாமல் கையை விரித்துவிட்டது. பைஓ3 அதைப் பைத்தன் விதிவிலக்காக மாற்றித் தருகிறது, சரி. ஆனால் அது, விதிவிலக்குகளுக்கெல்லாம் மூலமான பேஸ்எக்செப்ஷனின் நேர்ப் பிள்ளை. எக்செப்ஷன் என்று வழக்கமாகப் போடும் வலையில் சிக்காது. காலையில் பார்த்தால் வேலை பாதியில் நின்றிருந்தது.

பதிப்பு மாற்றங்களும் லேசில்லை. 2024 மார்ச்சில் வந்த பைஓ3-இன் 0.21 பதிப்பு, பைத்தன் பொருள்களைக் கையாள 'பவுண்ட்' என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. என் கோடில் பாதியைத் திருத்த வேண்டியிருந்தது. புதிய முறை தெளிவானது என்பது உண்மை, அந்தக் கிழமை அப்படித் தோன்றவில்லை. ஏபிஐ3 வசதிக்கு மட்டும் குறையே சொல்லமாட்டேன். அதனால் ஒரே வீல் கோப்பு, அதாவது கட்டி முடித்த நிறுவல் பொதி, பைத்தனின் பல பதிப்புகளில் ஓடுகிறது. பண்டாரவளையில் இருக்கும் நண்பன் ரஸ்டை இறக்கி டேட்டாவைத் தீர்க்க வேண்டியதில்லை, வீலை அனுப்பினால் போதும்.

இப்போது மிச்சமிருப்பது கௌரி. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் அடித்து 'கெளரி' என்று வரும். என்எஃப்சி இதைத் தொடாது. தனியாக ஒரு விதி சேர்த்தேன். ஆனால் பெயர்களை இணைக்கும் அதிகாரத்தை நூலகத்துக்குக் கொடுக்கவில்லை. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இரண்டு லெட்சுமி இருப்பார்கள். ஜோடியைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். யார் யார் என்று சங்கத்து அக்காதான் சொல்லுவார்.