கோல்செஸ்டர் கோட்டை அருங்காட்சியகம்: பூடிக்கா எரித்த நகரத்தின் சாம்பல்

பண்டைய பிரிட்டனில் ரோமானிய ஆட்சியை எதிர்த்தெழுந்த, ஐசீனி என்ற குடியின் அரசி பூடிக்காவின் வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்கள், லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய கோல்செஸ்டர் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். நிலவறைகளுக்கு வழிகாட்டியுடன் செல்லத் தனிக் கட்டணம் உண்டு. அதை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

ஏனென்றால், இந்த நார்மன் கோட்டை நிற்பதே பேரரசர் கிளாடியஸுக்கு ரோமானியர் எழுப்பிய கோயிலின் அடித்தளத்தின்மீதுதான். அக்கோயிலின் செலவு உள்ளூர் மக்களின் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற ரோமானியப் படைவீரர்கள் டிரினோவான்டீஸ் குடியினரை வீட்டிலிருந்தும் நிலத்திலிருந்தும் விரட்டியிருந்தனர். கணவர் பிரசுடாகஸ் இறந்தபின் ரோமானியர் தம் நாட்டைக் கைப்பற்றி, தம்மைச் சாட்டையால் அடித்து, இரு மகள்களையும் வன்புணர்ந்த கொடுமைக்கு எதிராகப் பூடிக்கா கி.பி. 60 அல்லது 61இல் படை திரட்டியபோது, அந்தக் குடியினரும் அவருடன் சேர்ந்துகொண்டனர். இங்கிருந்த மதிலற்ற ரோமானிய நகரத்துக்குத் துணையாக வந்த வீரர்கள் 200 பேருக்குமேல் இல்லை. கோயிலுக்குள் தஞ்சம் புகுந்த ரோமானியர் இரண்டே நாளில் வீழ்ந்தனர் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். நிலவறையின் குளிரில் அந்தக் கல்லையும் காரையையும் பார்த்தபடி நின்றபோது, எனக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லை.

மேலே வந்ததும் ஃபென்விக் புதையலைப் பாருங்கள். 2014இல் ஹை ஸ்ட்ரீட் கடையொன்றின் அடியில் அகழ்ந்தெடுத்த பொன், வெள்ளி நகைகள் அவை. படை நெருங்கிய நேரத்தில் வீட்டுத் தரையில் அவற்றைப் புதைத்தவர் மீட்டெடுக்கத் திரும்பவே இல்லை. அரசியின் பக்கமே என் மனம் நின்றாலும், அந்தச் சிறு காதணிகளைக் கடந்து என்னால் எளிதாகப் போக முடியவில்லை.

ரோமானியக் குதிரைவீரன் லாங்கினஸின் கல்லறைக் கல்லையும் தவறவிடக்கூடாது. 1928இல் முகமில்லாமல் கிடைத்த அதைப் பூடிக்காவின் படையினர் சிதைத்ததாகவே நெடுங்காலம் நம்பினார்கள். 1996இல் முகப்பகுதி கிடைத்தபின், 1928இல் தோண்டியபோதே அது உடைந்திருக்கலாம் என்ற கருத்து எழுந்து, அந்தப் பழி வலுவிழந்தது.

ஐசீனியர் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைக்கவில்லை. ஆகவே இங்கே நாம் காண்பது பெரும்பாலும் எரிக்கப்பட்டவர்களின் உடைமைகளைத்தான். எரித்தவர்களின் வாழ்வையும் அறிய விரும்புவோர், அதே ரயில் பாதையில் மேலும் வடக்கே சென்று, ஐசீனியரின் பொருள்கள் உள்ள நார்விச் கோட்டை அருங்காட்சியகத்தையும் மறுநாள் பார்த்துவிடுவது நல்லது.