லேனி கப் 12ஆர்: விலை குறைந்த வால்வு ஆம்ப்பில் நல்ல டோன் எடுப்பது

மட்டக்களப்பில் மின்சாரக் கிற்றார் வாசிக்கிறவர்களில் பலர் ஆம்ப் வைத்திருப்பதில்லை. சத்தத்தை மாற்றித் தருகிற மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியிலிருந்து நேரே மிக்ஸருக்குள் வயரைக் குத்திவிடுவார்கள். கலியாண வீடோ தேவாலயமோ, அப்படித்தான். தூக்கிச் சுமக்கிற கஷ்டம் இல்லாததால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அழுத்தி அடித்தால் கரகரத்து, மெதுவாக வருடினால் தெளிந்துவிடுகிற சத்தம் வேண்டுமென்றால், பழைய றேடியோவில் போலக் கண்ணாடி வால்வுகளால் சத்தத்தைப் பெருக்குகிற வால்வு ஆம்ப்பிடம்தான் போக வேண்டும்.

என்னிடம் இருப்பது லேனி கப் 12ஆர். லண்டனில் இருக்கிற சித்தி மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. பல மாரிகாலம் கண்டுவிட்டது. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட் என்பதால் ட்ரான்ஸ்போமர் எதுவும் தேவைப்படவில்லை. கனடாவிலிருந்து ஆம்ப் எடுப்பிக்க நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே விற்பது 120 வோல்ட்டுக்குச் செய்தது. அதை அப்படியே இங்கே குத்தினால் பியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

லேனி 1967இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பனி. பிளாக் சபத் இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் டோனி அயோமி வாசித்த ஆம்ப் என்று அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. இந்தக் கப் வரிசை மலிவானது என்பதால் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் உள்ளே இருப்பதைப் பாருங்கள்: ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் பகுதியில் ஈஎல்84 வால்வு இரண்டு, கிற்றார் சிக்னலை முதலில் பெருக்குகிற முன்பகுதியில் ஈசிசி83 வால்வு மூன்று, 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர், 15 வாட். புகழ்பெற்ற வொக்ஸ் ஏசி15இலும் பவருக்கு இருப்பது இதே ஈஎல்84 சோடிதான். சேர்கிட் வேறு, சத்தமும் வேறு. ஆனாலும் கூர்மையான, மினுங்குகிற அந்தக் குணத்தில் ஒரு பங்கு இதிலும் இருக்கிறது.

இந்த ஆம்ப்பைப் பற்றிக் கேள்விப்படுகிற முதல் புகார் "காதைக் குத்துது" என்பது. உடனே ஸ்பீக்கரை மாற்று, வால்வை மாற்று என்று ஆலோசனை வரும். காசைச் செலவழிக்க முதல் ஆம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் உயர்சுருதியை ஒரு கற்றையாக நேர் முன்னால்தான் எறியும். தரையில் வைத்தால் அந்தக் கற்றை கணுக்காலுக்குப் போகிறது. நின்று வாசிக்கிறவருக்கு மந்தமாகக் கேட்கும், அவர் ட்ரெபிளைக் கூட்டுவார். முன்னால் கதிரையில் இருக்கிறவர் காதைப் பொத்துவார். நான் ஒரு மரப் பெஞ்சில் தூக்கி வைத்து, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தேன். ஸ்பீக்கர் என் முகத்தைப் பார்த்ததும் ட்ரெபிள் நொப்பை (கடிகார முள் மாதிரிப் பாருங்கள்) 2 மணி நிலையிலிருந்து 11 மணிக்கு நானாகவே இறக்கிவிட்டேன். பிளாஸ்டிக் கதிரையில் மட்டும் வைக்காதீர்கள், சில சுரங்களுக்கு அதுவும் சேர்ந்து அதிரும். பின்பக்கம் திறந்த பெட்டி என்பதால் சுவரோடு ஒட்டி வைத்தால் பாஸ் கனக்கும். ஓரடி இடைவெளி விடுகிறேன்.

அடுத்தது கெய்னும் வால்யூமும். கெய்ன் கூட்டினால் கரகரப்பது சின்ன ஈசிசி83. அதை மட்டும் முறுக்கி வால்யூமை இறக்கி வைத்தால் நுளம்பு இரைகிற மாதிரி மெலிந்த சத்தம்தான் வரும். நான் கெய்னை 10 மணியில் வைத்து வால்யூமை 2 மணிக்கு மேலே கொண்டுபோகிறேன். அப்போதுதான் ஈஎல்84 இரண்டும் வேலை செய்யத் தொடங்கும். சத்தம் தடிக்கும், அடித்த தந்தி கொஞ்சம் அமுங்கி மீண்டும் எழும். பாஸை 10 மணிக்கு மேல் விடுவதில்லை. மிடில் 3 மணி. தனியே கேட்டால் மிடில் இவ்வளவு இருப்பது மூக்கால் பாடுவது போலத்தான் இருக்கும். கீபோர்ட்டும் பாஸ் கிற்றாரும் சேர்ந்ததும் உங்களுக்கென்று மிஞ்சுகிற இடம் அந்த நடுச்சுருதிதான். வீட்டில் தனியே இருந்து பிடித்துக்கொண்ட செற்றிங் மேடையில் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

அப்புறம் கிற்றாரில் இருக்கிற வால்யூம் நொப். என்னுடையது சிங்கிள் காயில் பிக்கப் உள்ள ஸ்ட்ராட் வகை. பறங்கியர் கலியாணத்தில் பைலாவுக்கும் கப்ரிஞ்ஞாவுக்கும் அந்த ஆறெட்டுத் தாளத்தை வெட்டி வெட்டி அடிக்கும்போது கிற்றாரின் நொப்பை ஐந்தில் வைக்கிறேன். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். தனி வாசிக்க வேண்டிய இடத்தில் பத்துக்குப் போகிறேன், கரகரப்பு தானாக வந்துவிடும். காலால் எதையும் மிதிப்பதில்லை. இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டுமென்றால் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்ட்ரைவ் (கரகரப்பு) பெடல் ஒன்றை ட்ரைவ் பூச்சியம், லெவல் முழுதாக வைத்து முன்னால் போடுகிறேன். அது பாஸை வெட்டி மிடிலைத் தூக்குவதால் இந்த ஆம்ப்புக்கு நன்றாகப் பொருந்துகிறது.

பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு கல்லடியில் 15 வாட் வால்வு ஆம்ப்பைத் திறந்தால் பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப் பார்ப்பார். அதற்குத்தான் ஒரு வாட்டுக்கும் குறைவான இரண்டாவது இன்புட் இருக்கிறது. வயரை அதில் மாற்றிக் குத்தினால் நொப்பை ஏற்றி வைத்துக்கொண்டே வீட்டுக்குள் அடங்குகிற அளவில் வாசிக்கலாம். ஸ்பீக்கர் அவ்வளவாக அசையாததால் முழு உடம்பு வராது. ஆனாலும் விரலுக்கு ஆம்ப் பதில் சொல்கிற விதம் அப்படியே இருக்கிறது. எனக்கு இந்த ஆம்ப்பில் மிகப் பிடித்தது இதுதான்.

கறண்ட் விஷயத்தில் எங்களுக்கு அக்கறை கூடுதலாக வேண்டும். வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் தேவை. மெயின் 200க்கு இறங்கினால் ஹீட்டருக்குப் போவது ஏறக்குறைய 5.5 தான். சத்தம் சோர்ந்துவிடும், நீண்ட நாள் அப்படி ஓடினால் வால்வின் ஆயுளும் குறையும். அதைவிடப் பயம் வெளியிடக் கலியாணத்தின் ஜெனரேற்றர். சமையல் பக்கம் பெரிய லோட் ஒன்றை நிறுத்தியதும் வோல்ட் மேலே பாயும். மல்டிமீற்றரால் பார்த்து, ஸ்டெபிலைசர் ஊடாகத்தான் நான் போடுவேன். எர்த் இல்லாத பிளக்கில் போடவே மாட்டேன். கையில் தந்தி, வாயருகே மைக், இரண்டுக்கும் எர்த் சரியில்லை என்றால் அடிக்கிற ஷொக் உயிருக்கே ஆபத்து. இரைச்சலைக் குறைக்க எர்த் பின்னைக் கழற்றச் சொல்கிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கேட்காதீர்கள்.

உப்புக் காற்று இன்னொரு தொல்லை. ஒரு மார்கழி மழையோடு ஆம்ப்பின் சத்தம் பாதியாக அடங்கத் தொடங்கியது. மேலே தட்டினால் வரும், பிறகு போகும். வால்வு போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். புளியந்தீவில் பழைய வால்வு றேடியோக்கள் திருத்திய ஒரு ஐயா, எஃபெக்ட்ஸ் பெட்டியை ஆம்ப்பின் நடுவில் இணைக்க இருக்கிற எஃபெக்ட்ஸ் லூப்பின் சென்ட் (வெளியே போகிற) ஜாக்கையும் ரிட்டர்ன் (திரும்பி வருகிற) ஜாக்கையும் ஒரு சின்ன வயரால் இணைத்துப் பார்க்கச் சொன்னார். உடனே முழுச் சத்தமும் வந்தது. லூப்பில் எதுவும் குத்தாதபோது சிக்னல் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கிற ஒரு தகட்டு வழியாகப் போகிறது, அந்தத் தகட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கொன்டக்ட் கிளீனர் விசிறி, பிளக்கைப் பலமுறை குத்தி எடுத்ததில் சரியானது. இப்போது ஐப்பசி பிறக்கும்போதே இதைச் செய்துவிடுகிறேன், நொப்களுக்கும் வால்வு சொக்கற்றுகளுக்கும் சேர்த்து. பெட்டியைத் திறக்கிற வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் உயிரை எடுக்கிற வோல்ட் தங்கியிருக்கும்.

வால்வுகள் நான் தேடிய வரையில் டவுனில் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். ஈஎல்84ஐச் சோடி பொருத்தி வாங்குங்கள். சிக்னல் பலமாக வருகிற இரட்டைக் காயில் பிக்கப் (ஹம்பக்கர்) கிற்றார் வைத்திருப்பவர்கள் சிக்னல் முதலில் நுழைகிற ஈசிசி83க்குப் பதிலாக 12ஏடி7 என்ற வால்வைப் போட்டுப் பார்க்கலாம். பெருக்கும் அளவு 100இலிருந்து 60க்கு இறங்குவதால் தெளிவான சத்தத்துக்கு இன்னும் இடம் கிடைக்கும். என் சிங்கிள் காயிலுக்கு அது உப்புச் சப்பில்லாமல் இருந்தது. பழையதையே திரும்பப் போட்டுவிட்டேன்.

மண்டபத்துக்கு 15 வாட் காணாது என்று சொல்வார்கள். ட்ரம்ஸ் இருந்தால் தெளிந்த சத்தத்துக்குக் காணாதுதான். நான் ஷுவர் எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கரின் நடு மூடியும் கூம்புக் கடதாசியும் சேர்கிற விளிம்புக்கு நேரே, துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்து மிக்ஸருக்குக் கொடுக்கிறேன். சரியாக நடுவில் வைத்தால் கீச்சிடும், அதிகம் வெளியே போனால் மங்கும். சவுண்ட் செற்காரத் தம்பியிடம் கிற்றார் சனலின் ஈகியூவைத் தொடாமல் நடுவில் விடச் சொல்லுங்கள்.