அல்சூரில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற விடுமுறை வீடு

பக்கவாதத்திற்குப் பின் சக்கர நாற்காலியில் இருக்கும் என் அம்மாவுடன், பெங்களூரு அல்சூரில் நாள் வாடகைக்கு விடப்படும் ஒரு தரைத்தள வீட்டில் மூன்று நாள் தங்கினேன். பழைய வீட்டை உரிமையாளர் இதற்கென்றே திருத்திக் கட்டியிருக்கிறார்.

வாசல் ஓரடி உயரத்தில் இருக்கிறது. பல விடுதிகளில் ஒப்புக்குப் போட்டிருக்கும் செங்குத்தான பலகை போலன்றி, ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைத்திருப்பதால், நான் ஒருத்தியாகவே நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடிந்தது. கதவுகள் 900 மில்லிமீட்டர் அகலம். மஞ்சள் பூச நிலைப்படியே இல்லையே என்று அம்மா குறைப்பட்டார். சக்கரம் தடையின்றி உள்ளே உருண்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

குளியலறையில்தான் யோசனை பாதியில் நின்றுவிட்டது. நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர் இடம் விட்டு, குளிக்குமிடத்தில் தடுப்பு கட்டாமல் தரையையே வடிகால் பக்கம் சரித்திருக்கிறார்கள். ஆனால் கழிப்பறைக் கைப்பிடி வலப்புறச் சுவரில் மட்டுமே உள்ளது. அம்மாவுக்கோ இடக்கைதான் இயங்கும். கைகழுவும் தொட்டியின் அடியில் அலமாரி வைத்துவிட்டதால் முழங்கால் இடித்து, குழாய் எட்டவில்லை.

சமையலறை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காபி போட்டதோடு சரி. இடப்பக்கம் மடக்குக் கைப்பிடி பொருத்துவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார். முன்பதிவு செய்வோர் அதைப் பொருத்திவிட்டாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.